முன்பக்கம் ஓடிய கறை

கறை முன்பக்கம் ஓடியிருந்தது.

விளக்கின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தான். மேசை விளக்கின் கழுத்தை வளைத்து, ஒரு சாண்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் விமானத்தை மல்லாத்திப் பிடித்து, வயிற்றுப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினான். நேற்று சாயங்காலம் இன்ஜின் மூடியின் ஓரத்தில் கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தைப் பொட்டு வைத்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் வாலை நோக்கி மெல்ல மெல்ல இழுத்துவிட்டவன் அவனேதான். பறக்கிற விமானத்தில் எண்ணெய் கசிந்தால் காற்றோடு பின்னால் போகும், வேறெங்கே போகும்? இப்போது அந்தக் கறை வாலிலிருந்து கிளம்பி மூக்கைப் பார்த்து ஓடியிருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு அப்படியே காய்ந்து நின்றது.

தூக்கக் கலக்கத்தில் திருப்பி இழுத்துத் தொலைத்துவிட்டோம் போல என்று தன்னையே திட்டிக்கொண்டு, பஞ்சில் தின்னரைத் தொட்டுத் துடைத்தான். மறுபடி பொட்டு வைத்து மறுபடி வாலை நோக்கி இழுத்தான். ஒரு நாள் வேலை வீணானதே என்ற எரிச்சல்தான் இருந்தது, பயம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே மழை விட்டபாடில்லை.

அவனுக்குப் பிழைப்பு பல் செட் கட்டுவது. டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துக்கொண்டு மாடியறையில் இதே மேசையில்தான் ஊரார் வாய்களைச் செய்து கொண்டிருந்தான். புத்தம் புது வெள்ளையில் பல் வைத்தால் பொய்ப்பல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஈறோரம் கொஞ்சம் காவி, நுனியில் லேசான தேய்மானம், எங்காவது ஒரு கீறல், இவ்வளவும் இருந்தால்தான் பார்ப்பவர்கள் நம்புவார்கள். பொம்மை விமானமும் அதே கதைதான். ஒட்டி முடித்து மஞ்சள் அடித்தால் அது கடையில் தொங்குகிற விளையாட்டுச் சாமான். வெயிலும் மழையும் மருந்தும் ஆள் காலும் பட்ட மாதிரி அதற்கு அழுக்கேற்ற வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அதை வெதரிங் என்பார்கள். "காசு குடுத்து வாங்கினதை அழுக்காக்க ஒரு படிப்பாடா?" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அண்ணன் வயல்களின் மேல் தாழப் பறந்து பூச்சி மருந்து தெளிக்கிற விமானி. ஒற்றை ஆள் விமானம், ஒரே இருக்கை, அதைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடிக் கூண்டு. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. நீர்த்தேக்கத்தின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஆள் விட்டு முங்கித் தேடினார்கள். அடியில் சேறு ஆளை விழுங்குகிற ஆழம், நீட்டிய கை நமக்கே தெரியவில்லை என்று சொல்லி ஏறிவிட்டார்கள். விமானமும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

அண்ணிக்கு அது போதவில்லை. "கிடைக்கலைன்னுதானே தம்பி சொல்றாங்க, செத்துட்டார்னு யாரும் சொல்லலையே" என்பாள். அண்ணனின் தட்டைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். வாசல் விளக்கை அணைக்க விடமாட்டாள். சின்ன வயசு அவளுக்கு, முப்பதுகூட ஆகவில்லை. எதிரிலேயே ஒரு மனுஷி உருகித் தீர்வதைப் பார்க்க அவனுக்குத் தாளவில்லை. வேறு ஊரில் இருந்த அண்ணியின் அக்கா ஒரு பள்ளிக்கூட வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். கெஞ்சி, சண்டை போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, அவன்தான் அண்ணியைச் சம்மதிக்க வைத்தான். சனிக்கிழமை அக்கா வண்டியோடு வருகிறாள். அதற்கு அண்ணி கேட்ட விலை ஒன்றே ஒன்று.

"அவர் பிளேனை அப்படியே செஞ்சு குடுங்க தம்பி. கையில எடுத்துக்கிட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் வாசலைப் பாக்க மாட்டேன், சத்தியமா."

அதனால் கறை முன்பக்கம் ஓடிய கதையை அவன் அவளிடம் மூச்சு விடவில்லை. கட்டிய பெட்டியைப் பிரிக்க அவளுக்கு ஒரு துரும்பு சாக்கு போதும்.

தினமும் சாயங்காலம் அவள் டீயோடு மாடிக்கு வருவாள். அவன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாலேயே விமானத்தைத் தடவுவாள்.

"இந்தக் கதவோரம் இன்னும் தேஞ்சிருக்கணும். கையை ஊணித்தான் ஏறுவார்."

"இவ்வளவா?"

"இன்னும். பூட்ஸ் பட்டுப் பட்டு இந்த மிதிபடியில வெறும் தகரம்தான் மிச்சம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பாத்து ஏறுங்கன்னு."

அவன் ஸ்பான்ஜைச் சின்னதாகக் கிள்ளி, சாம்பல் வர்ணத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஈரத்தை மிதிபடியில் பட்டும் படாமலும் வைத்தான். மஞ்சள் உரிந்து தகரம் தெரிகிற மாதிரி ஆயிற்று. அண்ணியின் கண் கலங்கிவிட்டது. விமானப் பாகங்கள் வந்த பெட்டியில் இருந்த விமானி பொம்மையை மட்டும் அவள் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். "அவர் மூஞ்சி எனக்குத் தெரியும். எவனோ ஒருத்தன் அங்க உக்கார வேண்டாம்." ஆகவே இருக்கையைக் காலியாகவே விட்டு, மெல்லிய ஈயத்தாளில் சீட் பெல்ட் பட்டை செய்து, அதைப் பூட்டிய மாதிரி ஒட்டி, மேலே கண்ணாடிக் கூண்டை வைத்து மூடினான்.

அங்கேதான் அவசரத்தில் ஒரு தப்புச் செய்தான். கண்ணாடிப் பாகத்தை வெள்ளைப் பசையில்தான் ஒட்ட வேண்டும். இந்த மழையில் வெள்ளைப் பசை காய்கிற வழியாய் இல்லை, சனிக்கிழமையோ நெருங்குகிறது என்று சூப்பர் க்ளூவைத் தொட்டு வைத்துவிட்டான். வர்ணம் படாமலிருக்கக் கண்ணாடி முழுக்க மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டினான். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அதை உரிக்க வேண்டும், அதுவரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவனுக்கே தெரியாது.

கறையைத் துடைத்து மாற்றிய மறுநாள், அது திரும்பவும் முன்பக்கம் ஓடியிருந்தது.

இந்த முறை கறை மட்டும் இல்லை. இன்ஜின் மூடியின் இடுக்குகளில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. அவன் பச்சை வர்ணப் புட்டியைத் திறக்கவே இல்லை. நகத்தால் சுரண்டினான், வழவழவென்று வந்தது. மோந்து பார்த்தான். தின்னர் வாடை இல்லை, டீ வாடை இல்லை, அடைமழையில் குளக்கரையில் நிற்கும்போது மூக்கில் ஏறுகிற சேற்று வாடை. விமானம் நின்ற நிலையும் சரியில்லை. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை நிமிர்த்தி நிற்க வேண்டிய விமானம் அது. முந்தின நாள் அப்படித்தான் விட்டுப் போனான். இப்போது அது மூக்கை மேசையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

அவன் நிமிர்த்தி வைத்தான். கையை எடுத்ததும் மெதுவாக, அவசரமே இல்லாமல், அது மூக்கைக் குத்திக்கொண்டது.

மூக்குக்குள் அவன் எடை எதுவும் வைக்கவில்லை.

பல் பார்க்கிற லென்ஸை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு உட்கார்ந்தான். இறக்கைக்கு முன்னால், உடம்பைச் சுற்றி ஒரு அழுக்குக் கோடு. தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கத்தில் விழுமே, அந்த மாதிரிக் கோடு. தண்ணீர்க் கோடு என்றால் மட்டமாக அல்லவா இருக்க வேண்டும்? அவன் விமானத்தைக் கையில் எடுத்து அந்தக் கோடு மட்டமாகிற வரைக்கும் திருப்பினான். கறைகள் எல்லாம் நேர் கீழாக ஓடுகிற வரைக்கும் திருப்பினான். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. வால் வானத்தைப் பார்த்தது, மூக்கு நேராகத் தரையைப் பார்த்தது.

ஓ.

இப்படித்தான் கிடக்கிறது அது, சேற்றுக்குள்.

விமானத்தை மேசையில் வைத்துவிட்டு, கீழே போய் அண்ணியின் துணிகளை மடித்துக் கொடுத்தான். அவள் இரண்டு தடவை என்னவென்று கேட்டாள், தலைவலி என்றான். அண்ணனின் தட்டு அன்றைக்குக் கவிழ்த்து வைக்கப்படவில்லை, காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரே நாள். அவள் வண்டியில் ஏறிவிட்டால் போதும்.

சனிக்கிழமை மத்தியானமே வானம் இருண்டுவிட்டது. அண்ணி கீழே பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். டேப்பை உரித்து, துடைத்து, டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. கத்தி நுனியால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பிப் பிடித்து இழுத்தான். மற்ற நாளில் இந்த வேலையில் எவ்வளவு ஆசை அவனுக்கு! அழுக்கு மூட்டைக்கு நடுவே பளிச்சென்று கண்ணாடி தெரிகிற அந்த நேரத்துக்காகத்தான் மாசக்கணக்கில் உட்காருவதே.

கண்ணாடி பளிச்சென்று இல்லை. உள்பக்கம் பனி படர்ந்திருந்தது.

போனை எடுத்து, பொம்மை விமானத்தை விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டான்.

"கண்ணாடி உள்ள மூடாப்பா இருக்கு சார்."

"சூப்பர் க்ளூ போட்டீங்களா?"

"போட்டேன்."

"நல்லாப் போட்டீங்க போங்க. முப்பத்திரண்டு பல்லையும் ஒட்டத் தெரியும், ஒரு கண்ணாடி ஒட்டத் தெரியல. அதோட ஆவி உள்ள போய்ப் படிஞ்சிடும் சார். எல்லாரும் ஒரு தடவை படற பாடுதான்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆவி. பசையின் ஆவி. அவ்வளவுதான் சங்கதி.

"அது போகுமா சார்?"

"எங்க போறது? வெள்ளையா அப்படியே உறைஞ்சு நிக்கும். கண்ணாடியைக் கழட்டித்தான் துடைக்கணும்."

"இது கொஞ்சம் வருது, கொஞ்சம் போகுது."

"அப்படியெல்லாம் போகாதே" என்றார் கடைக்காரர். "நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்த்தான். லென்ஸை இறக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். கண்ணாடியின் கீழ்ப்பாதி, மூக்குப் பக்கத்துப் பாதி, கறுப்பாக இருந்தது. மேல்பாதியில் பனி. அது பரவியது. பிறகு ஓரத்திலிருந்து சுருங்கியது. மறுபடி பரவியது. தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குகிற கணக்கில் பரவிச் சுருங்கியது. விமானத்தை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். உள்ளே இருந்த கறுப்பு அசையவில்லை. அது இந்த அறையின் மட்டத்துக்குக் கட்டுப்பட்ட தண்ணீர் இல்லை.

பனிக்கு நடுவே ஒரு இடம் தெளிந்தது. எள்ளளவு. இடமிருந்து வலமாக.

உள்ளே இருந்து யாரோ துடைத்தார்கள்.

அவன் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அண்ணி மேலே ஏறி வந்துவிட்டாள். மறைக்கத்தான் பார்த்தான். துணியை எடுத்து மேலே போட்டான். அவள் துணியை எடுத்துக் கீழே வைத்தாள். லென்ஸ் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"அண்ணி, இது பசை. கடைக்காரரே சொன்னார், பசையோட..."

"தம்பி."

அவன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான்.

"திறங்க."

"திறக்க வராது அண்ணி. சூப்பர் க்ளூ. கரைக்கிற மருந்து போட்டா பிளாஸ்டிக்கும் சேந்து உருகிடும். ரம்ப வாளால அறுத்தா..." கண்ணாடி உடைந்து உள்ளே விழும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஃப்ரீஸர்ல கொஞ்ச நேரம் வச்சா பசை நொறுங்கிடும். தானாக் கழண்டுக்கும்."

"அவருக்குக் குளிரும்."

இது பொம்மை அண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே அவன் இத்தனை நாள் பாடுபட்டான். சொல்ல முடியவில்லை. அவனும்தான் நம்பிவிட்டான். உள்ளே இருப்பது அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தவன். இருட்டில், சேற்றில், தலைகீழாக, ஒரு வருஷமாக.

"காத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் போடுங்க" என்றாள் அண்ணி. "மூச்சு விடட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

பல்லின் வேருக்குள் நுழைக்கிற மெல்லிய துளைக் கம்பி ஒன்றை எடுத்தான். முடியை விடக் கொஞ்சம் தடிமன். கூண்டின் உச்சியில் வைத்து, இரண்டு விரலால் உருட்டினான். மாவு மாதிரித் தூள் வந்தது. உள்ளே டிக் என்றது. உருட்டுவதை நிறுத்தினான். டிக். டிக். விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி. அண்ணி அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். மறுபடி உருட்டினான். கம்பி சடக்கென்று உள்ளே இறங்கியது.

வெளியே எடுத்ததும் காற்று வந்தது.

நிற்காமல் வந்தது. கட்டைவிரல் அகலக் கூண்டுக்குள் அடைபடக்கூடிய காற்று இல்லை அது. அறை முழுக்கச் சேற்று வாடை அடித்தது, பெட்ரோல் வாடை அடித்தது. அவற்றுக்குக் கீழே, மெல்லிசாக, மழையில் நனைந்த அண்ணன் சட்டையின் வேர்வை வாடை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்து இழுத்துச் சுவாசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் ஒரு வருஷமாகப் பார்த்ததில்லை.

அவள் குனிந்து, உதட்டைத் துளையில் வைத்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள். "எங்கயும் போகல. போகவும் மாட்டேன்."

கீழே வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

அக்கா! கடவுளே, அக்கா வந்துவிட்டாள். அவள் விவரமான மனுஷி, அதட்டிப் பேசுவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். "ஒரு நிமிஷம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கினான். வாசலில் அக்கா குடையை உதறிக்கொண்டு நின்றாள்.

"ரெடியா? இருட்டறதுக்குள்ள கிளம்பணும். எங்க அவ?"

"மேலதான்க்கா. கூட்டிட்டு வரேன். நீங்களும் கொஞ்சம் வந்து ஒரு வார்த்தை..."

"செருப்பெல்லாம் சேறு. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

ஏறினான். மாடிக்கு அந்த ஒரு படிக்கட்டுதான். படியடியிலேயேதான் நின்று பேசினான். யாரும் அவனைத் தாண்டி இறங்கவில்லை.

அறையில் அண்ணி இல்லை.

ஜன்னலில் கம்பி. அலமாரியில் பல் அச்சுகள். முக்காலி அப்படியே இருந்தது. அதனடியில் அவளுடைய செருப்பு இரண்டும் ஜோடியாக, கழற்றி விட்ட மாதிரி.

"அண்ணி?"

மழைச் சத்தம்.

மேசைக்குப் போனான். போகாமலிருக்கக் கால் கேட்கவில்லை. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. துளையிலிருந்து கறுப்பாக ஒரு நூல் வெளியே தொங்கியது. நூல் இல்லை. முடி. நீளமான, ஒற்றை முடி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பிடித்து இழுக்கக் கையை நீட்டினான். நுனியும் போய்விட்டது.

லென்ஸை இறக்கினான்.

கறுப்பு ஏறியிருந்தது. முன்பு பாதி. இப்போது பாதிக்கு மேல். மிச்சமிருந்த கண்ணாடியில் பனி. ஒரே இருக்கை அது, ஒரு ஆளுக்கு மேல் இடமில்லை. பனியில் துடைத்த இடம் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக, இன்னொன்று.

"இன்னும் என்ன பண்றா அவ?" அக்கா கீழிருந்து கூப்பிட்டாள். "வண்டி நிக்குது, வரச் சொல்லுங்க."

சின்னக் கை துடைத்தது. பனி மூடியது. துடைத்தது. மூடியது. வேகமாகத் துடைத்தது. டிக். டிக். டிக். டிக். கண்ணாடியை உடைக்கிற தட்டல் அது. வெளியே வரக் கேட்கிற தட்டல்.

வாள். வாள் எங்கே. மேசையைக் கலைத்தான். புட்டிகள் உருண்டன. வாளை எடுத்து, கண்ணாடியின் ஓரத்தில் வைத்தான். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. கறுப்பு இன்னும் ஏறியிருந்தது.

பெரியது இவ்வளவு நேரமும் அசையாமலே இருந்தது.

இப்போது அது நகர்ந்தது. மெதுவாக. பனியை வழித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்து, சின்னதின் மேல் படிந்து, அதைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனது.